பூசான்ல 'பம் முன்னா?'ன்னு கேட்டா என்ன சொல்றது

கேள்வி: தென் கொரியாவுல பூசான் யூனிவர்சிட்டில மாஸ்டர்ஸ் சேரப்போறேன். டோபிக்ங்கற கொரிய மொழித் தேர்வுல லெவல் 3 பாஸ். ஆனா அங்க பேசுறது வேற மாதிரி இருக்குமாமே, வணக்கம் சொல்றதுகூட மாறுமா? நானும் அப்படியே பேசணுமா?

பதில்: பேச வேணாம், காதுல வாங்கிக்கிட்டா போதும். நீங்க 'அன்யொங்ஹாசேயோ'ன்னே சொல்லுங்க, கொரியா முழுக்க செல்லும். வயசானவங்க சிலர் 'அன்யொங்ஹாஷிம்னிக்கோ'ன்னு முடிப்பாங்க, சியோல்ல அதோட கடைசி 'க்கா', அவ்ளோதான் வித்தியாசம்.

நீங்க முழிக்கப்போற இடம் சாப்பாட்டு விசாரிப்புதான். சியோல்ல 'பம் மொகொஸ்ஸோ?'ன்னு கேக்குறத பூசான்ல சுருக்கி 'பம் முன்னா?'ம்பாங்க, சாப்டியான்னு அர்த்தம், ஏத்த இறக்கமும் சேர்ந்து வர்றதால திட்டுற மாதிரி தோணும், ஆனா பாசமாத்தான் கேக்குறாங்க. ப்ரொஃபசர் கேட்டா 'நே, மொகொஸ்ஸும்னிதா', அதாவது ஆமா சாப்டேன்னு மரியாதையா சொல்லுங்க, திருப்பி அவர்கிட்ட 'முன்னா'ன்னு மட்டும் கேட்டுறாதீங்க, அது வா போன்னு பேசுற ரகம்.

இன்னொன்னு, இத ஹாஸ்டல் வாசல்ல தினம் கேப்பீங்க. 'ஒதி கானோ?'ன்னா எங்க போற. 'ஒதி கானா?'ன்னா எங்கயாவது போறியா. சியோல்ல ரெண்டும் ஒரே வாக்கியம், ராகத்துலதான் பிரிப்பாங்க, ஆனா பூசான் இருக்குற கியொங்சாங் பக்கம் வாக்கியத்தோட வால மாத்திருவாங்க. நமக்கு இது ஈசி, ஆமா இல்லன்னு பதில் சொல்ற கேள்விக்கு நம்ம 'போறியா'ல வர்ற அதே 'ஆ' தான் அங்கயும். 'னோ' வந்தா எடத்த சொல்லணும், 'லைப்ரரிக்கு'ன்னு ஒரு வார்த்தை போதும், யாரும் துருவி கேக்கமாட்டாங்க.

ஜகால்ச்சி மீன் மார்க்கெட் போனா 'ஒஇசோ, பொஇசோ, சாஇசோ'ங்கறது கண்ணுல படும், வாங்க பாருங்க வாங்கிக்கங்க. புக்குல 'சேயோ'ன்னு முடியுறதுதான் அங்க 'இசோ'.

லீவுல ஊர் சுத்தினா, சுங்சொங் பக்கம் 'சேயோ'வ 'சேயூ'ன்னு இழுப்பாங்க, அத ஈசியா புடிச்சிரலாம். ஜெஜு தீவு கதையே வேற, போர்டுல 'ஹொன்ஜோ ஒப்சோயே'ன்னு இருந்தா சீக்கிரம் வாங்கன்னு வரவேற்பு, 'தனியா'ங்கற 'ஹொன்ஜா'ன்னு படிச்சுட்டு ஃப்ரெண்ட்ஸ கழட்டி விட்டுறாதீங்க. அந்த பேச்ச யுனெஸ்கோ 2010ல அழியும் நிலைன்னு பட்டியல்ல போட்டாச்சு, இளசுங்க அதிகம் பேசுறதில்ல, ஓட்டல்ல உங்ககிட்ட சியோல் கொரியன்லதான் பேசுவாங்க.