தமிழ்நாடு முழுவதற்கும் ஒரு பொது வானொலி அமைப்பை நடத்தும் பொறுப்பு உங்களிடம் வந்தால் எங்கிருந்து தொடங்குவீர்கள்?

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் என்ற கடலோர ஊரிலிருந்து எழுதுகிறேன். கேட்டவர் அமெரிக்க மாநிலங்களில் இருக்கும் பொது வானொலியை மனதில் வைத்துக் கேட்டிருக்கிறார்: ஒரு தலைமை, மாநிலம் முழுக்கக் கோபுரங்கள், விளம்பரத்தை நம்பாத நிகழ்ச்சிகள். அந்தப் பொறுப்பு என் கைக்கு வந்தால் முதல் நாள் ஒரே ஓர் உத்தரவில் கையெழுத்துப் போடுவேன். எந்த ஊர் நிலையமும் யாரிடமும் கேட்காமல் மாநில ஒலிபரப்பை நடுவில் நிறுத்திவிட்டுத் தன் ஊர் மக்களிடம் பேசலாம். பேசி முடித்த பிறகு மேலிடத்துக்குத் தகவல் சொன்னால் போதும்.

இது ஏன் முதல் வேலை என்றால், நான் சில காலம் ஒரு நிலையத்தில் பகுதிநேர அறிவிப்பாளராக இருந்தேன். நிலையத்தின் பெயர் வேண்டாம். ஒருநாள் இரவு கடைசி ஒலிபரப்பு. தலைநகரிலிருந்து இசை நிகழ்ச்சி ரிலே ஆகிக்கொண்டிருந்தது. காற்று எச்சரிக்கை கைக்கு வந்துவிட்டது. ஃபேடரை, அதாவது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் விசையை இறக்கி, மைக்கைத் திறந்து, நாலு வரி படித்துவிட்டு மறுபடி ஏற்றிவிட ஒரு நிமிடம் போதும். ஆனால் ரிலேயை வெட்ட அனுமதி வேண்டும். டியூட்டி அறையில் இருந்தவர் ஒருவருக்குப் போன் போட்டார், அவர் இன்னொருவரைக் கேட்கச் சொன்னார். அதற்குள் நிலையம் மூடும் நேரம் வந்துவிட்டது. மறுநாள் காலை ஒலிபரப்பில்தான் எச்சரிக்கை போனது. எங்கள் பக்கத்து நாட்டுப்படகுகள் விடிவதற்கு வெகுநேரம் முன்பே கிளம்பியிருந்தன. காற்று நினைத்த அளவு வரவில்லை, எல்லோரும் திரும்பிவிட்டார்கள். அவர்கள் திரும்பியது அந்த நிலையத்தால் இல்லை.

விசைப்படகு என்றால் மீன்வளத்துறை டோக்கன் கொடுக்காமல் நிறுத்திவிடலாம். நாட்டுப்படகுக்காரர் பெரும்பாலும் காற்றைப் பார்த்துத் தானே முடிவெடுப்பவர். அவருக்குத் தேவையான சேதி சென்னையில் எழுதப்படும் சேதி இல்லை. "மன்னார் வளைகுடா, அதனை ஒட்டிய குமரிக்கடல் பகுதிகளில் சூறாவளிக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் வீசக்கூடும், மீனவர்கள் செல்ல வேண்டாம்" என்பார்கள். தவறான தகவல் இல்லை. ஆனால் எங்கள் ஊருக்கு இரண்டு பக்கமும் கடல். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண்கடல் என்போம். வடக்கே பாக் நீரிணைப் பக்கம், அது பெண்கடல். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தெற்கே அலை எழும்பி நிற்கும்போது வடக்குக் கரையில் வல்லம் இறக்கலாம். வாடை பிறந்துவிட்டால் நிலைமை தலைகீழ். எந்தக் கரை, எத்தனை மணியிலிருந்து, பாம்பனில் எத்தனாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள், ஏற்கெனவே போனவர்கள் எந்தப் பக்கம் ஒதுங்கலாம் என்று கரையில் நிற்பவரால்தான் சொல்ல முடியும். "செல்ல வேண்டாம்" என்பதையே வருடம் முழுக்கக் கேட்டவன் ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிடுவான். அதுதான் எனக்குப் பயம்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது குமரி மாவட்டத்துக்காரர்கள் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை வெளியானது, அவர்களிடம் போய்ச் சேரவில்லை. இப்போது எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே என்று கேட்பார்கள். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் சிக்னல் போய்விடும். 2018 இல் கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது மின்சாரமும் செல்போன் கோபுரங்களும் விழுந்து எத்தனையோ கிராமங்கள் நாள்கணக்கில் உலகத் தொடர்பு இல்லாமல் கிடந்தன. இரண்டு பேட்டரி போட்ட டிரான்சிஸ்டருக்கு அந்தப் பிரச்சினை கிடையாது.

அதனால் இரண்டாவது வேலை, மத்திய அலை (மீடியம் வேவ்) ஒலிபரப்பைக் காப்பாற்றுவது. எஃப்.எம். நன்றாகக் கேட்கும், ஆனால் கோபுரத்துக்கு நேர்ப்பார்வையில் இருக்கும்வரைதான். மத்திய அலை தரையை ஒட்டிப் பரவுவது, உப்புநீர் மேல் அது தரையைவிட வெகுதூரம் போகும். இலங்கை வானொலி எங்கள் கரையில் பட்டப்பகலில் தெளிவாகக் கேட்டதற்கும் நடுவில் கிடக்கும் கடல்தான் காரணம். பழைய மத்திய அலை ஒலிபரப்பிகளைச் செலவு அதிகம் என்று நாட்டில் ஒவ்வொன்றாக மூடிவருகிறார்கள். உள்நாட்டில் அது சரியான கணக்காக இருக்கலாம். கடலோரத்தில் நான் அதை அனுமதிக்க மாட்டேன்.

பாம்பனில் 2016 முதல் கடல் ஓசை 90.4 இருக்கிறது, மீனவர்களுக்கென்றே நடக்கும் சமுதாய வானொலி. அவர்களுடைய 'சமுத்திரம் பழகு' நிகழ்ச்சி கடல் மாறிவருவதைக் கடல்காரருக்கே சொல்கிறது. என்னைக் கேட்டால் மாநில அமைப்பு கற்றுக்கொள்ள வேண்டிய இடம் இதுதான். ஆனால் சமுதாய வானொலிக்கு விதிப்படி 100 வாட் சக்திதான். பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஆகாசவாணிச் செய்தியை அப்படியே ஒலிபரப்பலாமே தவிர, சொந்தச் செய்தி கூடாது. பெரிய கோபுரம் வைத்திருப்பவர்கள் இவர்களோடு போட்டிக்கு நிற்காமல், இவர்களுடைய ஒரு மணி நேரத்தை வாங்கித் தொண்டி முதல் ஏர்வாடி வரை கேட்கும்படி ஒலிபரப்ப வேண்டும். பெயர் அவர்களுடையதாகவே இருக்கட்டும், காசும் கொடுக்க வேண்டும்.

உள்ளூர்க் குரல் என்று எல்லோரும் பேசுவார்கள். அதை எடுப்பது எப்படி இருக்கும் என்று ஒன்று சொல்கிறேன். பாசி எடுக்கும் பெண்களிடம் ஒருமுறை பதிவு செய்யப் போனேன். கடலுக்குள் பாறையில் கை கிழியாமல் இருக்க ஒவ்வொரு விரலுக்கும் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள். காற்று மைக்கில் விழுந்து இரைந்தது. ஸ்டுடியோவுக்குக் கூப்பிடலாமா என்று நான் யோசிப்பதற்குள் ஓர் அக்கா, "நீ இப்படி வா தாயி, நான் காத்துக்கு முதுகக் காட்டுறேன்" என்று திரும்பி நின்றுகொண்டு, விரல் துணியை அவிழ்த்தபடியே பேசினார். எந்தத் தீவுப் பக்கம் எந்த மாதம் பாசி வளரும், எத்தனை நாள் விட்டு எடுத்தால் மறுபடி முளைக்கும் என்று எல்லாம் கணக்காகச் சொன்னார். அந்த அறிவைப் பதிந்து வைத்திருக்கும் மாநில அலுவலகம் எது? அவரை ஒருமுறை பேட்டி எடுத்து மகளிர் நிகழ்ச்சியில் போட்டுவிட்டு மறந்துவிடுவது என் வானொலியில் நடக்காது. வாராவாரம் அவருக்கு நேரம் ஒதுக்கி, பேசுவதற்குச் சம்பளம் கொடுப்பேன்.

வானொலி சொல்லி மக்கள் தொழில் செய்யும் விதம் மாறியது நம் ஊரிலேயே நடந்திருக்கிறது. 1960களில் திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகள் ஏ.டி.டி. 27 நெல்லைத் தஞ்சாவூர்ப் பக்கம் பரப்பியபோது விவசாயிகள் அதை 'ரேடியோ நெல்' என்றே சொன்னார்கள். வயலுக்குச் செய்ததைக் கடலுக்கு அந்த அளவில் யாரும் செய்யவில்லை.

பணம். கேட்டவர் சொன்ன அமெரிக்காவிலேயே 2025 ஜூலையில் பொது ஒலிபரப்புக்கென ஏற்கெனவே ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரை அந்நாட்டு நாடாளுமன்றம் திரும்ப எடுத்துக்கொண்டது. பெருநகர நிலையங்களுக்கு நேயர் நன்கொடை உண்டு. கிராமப்புற, அலாஸ்கா போன்ற தொலைதூர நிலையங்கள்தான் மத்திய நிதியை அதிகம் நம்பியிருந்தன, அடி அவற்றுக்குத்தான் பலமாக விழுந்தது. இங்கேயும் ஆகாசவாணியை நடத்தும் பிரசார் பாரதி 1997 இல் தன்னாட்சி அமைப்பாக வந்தது, செலவுக்கு இன்றும் அரசு மானியத்தையே எதிர்பார்க்கிறது. ஆகவே ஆண்டுக்கு ஆண்டு மாறாத தொகையைச் சட்டத்திலேயே எழுதி வாங்க வேண்டும். அதைப் பிரிக்கும்போது நேயர் எண்ணிக்கையைப் பார்க்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் சென்னையும் கோவையும் எடுத்தது போகத் தொண்டிக்கு ஒன்றும் மிஞ்சாது.

ஆட்கள் விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. மாதம் நாலைந்து டியூட்டி கொடுத்துவிட்டு ஒருவரை அறிவிப்பாளர் என்பது அநியாயம். அவர் மீதி நாள் ஜவுளிக்கடையில் நிற்பார். கடலைக் கவனிக்க அவருக்கு நேரம் ஏது? கடலோரத்தில் நிலையத்துக்கு நான்கு பேரையாவது முழுநேரச் சம்பளத்தில் எடுப்பேன். ஒருவர் கடலுக்குப் போய்வந்தவராக இருக்க வேண்டும், ஒருவர் மீன் ஏலம் தெரிந்த பெண்ணாக இருக்க வேண்டும். உச்சரிப்புத் தேர்வில் மதுரை வானொலி அறிவிப்பாளர் மாதிரி பேச வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிடுவேன். ராத்திரி இரண்டு மணிக்கும் ஒருவர் மைக் பக்கத்தில் இருப்பார், ஃபேடர் அவர் கையில் இருக்கும்.