ஒன்றரை வயது மகன் மேல் வெந்நீர் கொட்டிவிட்டது. மனைவி அழுதுகொண்டே இருக்கிறார். எப்படிச் சமாளிப்பது?

"மனைவி தன்னால்தான் என்று அழுகிறார், பெரியவர்களும் அதையே சொல்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். வெந்நீர் கொட்டியபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று எழுதவில்லை. குத்திக்காட்டச் சொல்லவில்லை. உங்களிடம் யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள், அதனால் எழுதவும் தோன்றியிருக்காது. என்னிடமும் யாரும் கேட்கவில்லை.

என் மகளுக்கு அப்போது இரண்டு வயது முடிந்திருந்தது. சென்னையில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் வாடகை வீடு, மே மாத மதியம். மனைவி அலுவலகத்தில், எனக்கு அன்று விடுப்பு. டீப்பாயில் கிடந்த பேப்பர் மேல் காபி டம்ளர். மகள் பேப்பரைப் பிடித்து இழுத்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை காபி வழிந்தது. நான் கை எட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். போனை நோண்டிக்கொண்டிருந்திருப்பான் என்று சிலர் நினைப்பார்கள். போன் உள்ளறையில் சார்ஜில் இருந்தது. அந்த வயதுக் குழந்தையை வளர்த்தவர்களுக்குத் தெரியும், கை எட்டும் தூரம் சில நேரம் போதாது.

தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடிக் குழாயைத் திறந்தால் தண்ணீர் சுடுகிறது. மாடியில் கறுப்புத் தொட்டி, உச்சி வெயில், வேறென்ன வரும்? சமையலறையில் இருந்த இருபது லிட்டர் தண்ணீர் கேனை இழுத்துப்போய், மகளின் சட்டையைக் கழற்றிவிட்டு, அவளை மடியில் வைத்துக்கொண்டு சொம்பு சொம்பாகக் கை மேல் ஊற்றினேன். சூடு பட்ட இடத்தில் குறைந்தது 20 நிமிடம் குளிர்ந்த தண்ணீர் ஓட வேண்டும். உடனே செய்ய முடியாமல் போனாலும் மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. ஐஸ் கூடாது. கையை மட்டும் நனைத்து, உடம்பைத் துண்டால் போர்த்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சின்னக் குழந்தைக்குக் குளிர் ஏறிவிடும். அலுவலகத்தில் முதலுதவிப் பயிற்சி என்று எல்லோரையும் உட்கார வைத்தபோது கேட்டது எப்படியோ மண்டையில் தங்கியிருந்தது.

அந்தத் தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மேலே ஒரு கீற்றுக் கொட்டகையாவது போடுங்கள், முடியாவிட்டால் வெள்ளை பெயின்டாவது அடியுங்கள் என்று வீட்டு உரிமையாளரிடம் போன கோடையிலேயே கேட்டிருந்தேன். "சென்னையில யார் வீட்ல சார் பச்சத் தண்ணி வருது" என்றார். பதினொரு மாதம் முடிந்தால் வாடகை ஏற்றுவதற்கு மட்டும் நாள் தவறாமல் வந்து நிற்பார். மோட்டார் சுவிட்ச் கூட அவர் வீட்டுக்குள். சரி, அதை விடுங்கள்.

அழுகை கேட்டு எதிர்வீட்டு அக்கா இட்லி மாவோடு வந்தார். கீழ்வீட்டுத் தாத்தா டூத்பேஸ்ட் கொடுத்தனுப்பினார். இரண்டையும் வேண்டாம் என்றேன், இன்றுவரை அந்த அக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மாவு தடவி எங்கள் வீட்டில் ஆறியிருக்கிறது என்று சொல்ல வருபவர்களுக்கு: ஆறியிருக்கலாம், சண்டைக்கு வரவில்லை. ஆனால் தோல் உரிந்த இடத்தில் மாவு பூசினால் கிருமி சேரும். மருத்துவர் அதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் காயத்தையே பார்க்க முடியும், அந்த வலியும் குழந்தைக்குத்தான்.

நான் சொல்ல வந்ததே இனிமேல்தான். தண்ணீர் ஊற்றி முடிப்பதற்குள் எதிர்வீட்டு அக்கா கேட்ட முதல் கேள்வி, "அம்மா எங்க?" ஆட்டோக்காரர் கேட்டார். மருத்துவமனையில் சீட்டு போடும் இடத்தில் கேட்டார்கள். ஊரிலிருந்து என் அம்மா போனில் அதையே கேட்டார். காபி என்னுடையது, குழந்தை என் பொறுப்பில் இருந்தது, விசாரணை மட்டும் பத்து கிலோமீட்டர் தள்ளி மீட்டிங்கில் இருந்தவள் மேல். எனக்குக் கிடைத்தது பாராட்டு. "பரவாயில்லையே, நீங்களே தண்ணி ஊத்திக் கூட்டிட்டு வந்துட்டீங்களே!"

மனைவி மின்சார ரயிலில் அடித்துப் பிடித்து வந்து சேர்ந்தாள். ஒரு நர்ஸ், "குழந்தைய இப்படியா விட்டுட்டுப் போவீங்க" என்றார். அவள் "சாரி சிஸ்டர்" என்றாள்! சாரி! அந்த நர்ஸ் கெட்டவர் இல்லை, டிரெஸ்ஸிங் செய்யும்போது மகளைக் கொஞ்சிக்கொண்டே இருந்தார். ஆனாலும் அந்த "சாரி" எனக்கு இன்னும் எரிகிறது.

அங்கேயே, "நான்தான் சிஸ்டர் பக்கத்துல இருந்தேன். அவங்க ஆபீஸ்ல இருந்தாங்க" என்றேன். அப்புறம் பார்க்க வந்த உறவினர் ஒவ்வொருவரிடமும், அவர்கள் கேட்பதற்கு முன்பே, அதையே சொன்னேன். என் அம்மா, "நீ ஆம்பள, உனக்கு என்னடா தெரியும்" என்றார். "எனக்குத் தெரியாதுன்னா அப்ப யாரையும்மா திட்டணும்?" என்றேன். பெற்ற தாயைப் பொதுவில் குறை சொல்கிறான் என்று கிளம்பிவிடாதீர்கள். பேத்தியை ராத்திரி தோளில் போட்டுத் தூங்க வைத்தது அவர்தான். ஆனால் பேச்சு பேச்சுதான், யார் பேசினாலும்.

உங்கள் மனைவிக்கும் அதுதான் செய்ய வேண்டியது. "நீ காரணமில்லை" என்று அறைக்குள் சமாதானம் சொன்னால் போதாது, கூடத்தில் எல்லோர் காதிலும் விழச் சொல்ல வேண்டும். அதன் பிறகும் பல நாட்கள் தூக்கமில்லாமல் அழுதுகொண்டே இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு அழையுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழில் பேசலாம்.

காயத்தைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. குழந்தையின் தோல் மெல்லியது, பெரியவர்களைவிட ஆழமாக வெந்துவிடும். விரல்களோடு சேர்த்துக் குழந்தையின் உள்ளங்கை அளவு என்பது அதன் உடம்பில் ஏறத்தாழ 1 சதவீதம். பத்தை நெருங்கினாலோ, முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பில் பட்டிருந்தாலோ தெருமுனை கிளினிக்கோடு நிறுத்த வேண்டாம். சென்னையில் இருந்தால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயங்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. கொப்புளத்தை வீட்டில் உடைக்காதீர்கள், காயத்தின் மேல் பஞ்சு வைக்காதீர்கள். எப்படி நடந்தது என்று கேட்டு எம்.எல்.சி., அதாவது சட்டத் தொடர்புள்ள மருத்துவ வழக்கு, என்று பதிவு செய்தால் பதற வேண்டாம். தீக்காயத்துக்குப் பல மருத்துவமனைகளில் அது வழக்கம், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எங்களிடம் தடுப்பூசி அட்டையும் கேட்டார்கள், எடுத்துப் போங்கள்.

மகளின் கையில் தோல் மூடிய பிறகுதான் அரிப்பு ஆரம்பித்தது. அதைப் பற்றி யாரும் முன்னால் சொல்லியிருக்கவில்லை. மருத்துவர் சொன்ன க்ரீமைத் தடவி, வெயிலில் போகும்போது முழுக்கை போட்டுவிட்டோம். நிறம் ஒன்றாக வெகுகாலம் ஆயிற்று. பள்ளியில் சேர்த்தபோது விண்ணப்பத்தை வாங்கிய அம்மையார் தழும்பைப் பார்த்துவிட்டு என் மனைவியிடம் திரும்பினார். நான் முந்திக்கொண்டேன்.

நாளைக்கு டிரெஸ்ஸிங் மாற்ற வரச்சொல்லியிருக்கிறார்கள் என்றீர்களே. வலி மருந்தை அரை மணி நேரம் முன்பே கொடுக்கலாமா, எந்த அளவு என்று இன்றே போனில் கேட்டு வையுங்கள். கட்டுப் பிரிக்கும்போது நீங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மனைவிக்கு வர விருப்பமில்லை என்றால் வீட்டில் தூங்கட்டும். அங்கே யாராவது "அம்மா வரலையா?" என்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். "நான் வந்திருக்கேனே" என்று சொல்லுங்கள்.