சுண்டெலி, எலி: மாதிரிகள் இனவாரியாகப் பிரியுமா, உறுப்புவாரியாகவா?

பினாங்கில் முதுகலை படிக்கும் ஒரு தங்கச்சியின் கேள்வி இது: இரண்டு இனங்களின் கல்லீரல், மூளை, விரை மாதிரிகளில் மரபணு வெளிப்பாட்டை, அதாவது எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்பதை, ஒப்பிட்டால் எது எதோடு சேரும்?

பொதுவாக உறுப்புவாரியாகத்தான் சேரும். இரண்டும் பிரிந்து ஒரு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், சுண்டெலியின் கல்லீரல் அதன் சொந்த மூளையைவிட எலியின் கல்லீரலைத்தான் ஒத்திருக்கும். பாலூட்டிகளில் மூளையின் வெளிப்பாடு மெதுவாக மாறுகிறது, விரையினுடையது வேகமாக. இன வித்தியாசம் தேடினால் விரையில் நிறையவே கிடைக்கும்.

2014இல் வந்த மனிதன், சுண்டெலி ஒப்பீடு ஒன்றில் மாதிரிகள் இனவாரியாகச் சேர்ந்தன. 2015இல் அதே தரவை மறுபடி பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது: இரண்டு இனங்களின் மாதிரிகளும் பெரும்பாலும் தனித்தனித் தொகுதிகளாக மரபணு வரிசையை வாசிக்கும் கருவியில் ஏறியிருந்தன. அந்த விளைவைக் கணக்கில் கழித்ததும் உறுப்புகள் ஒன்றுசேர்ந்தன. அதனால் ஒவ்வொரு ஓட்டத்திலும் இரண்டு இனங்களையும் கலந்தே ஏற்றுங்கள். இனமும் தொகுதியும் முழுக்க ஒன்றாகிவிட்டால் பிறகு எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது.

அப்புறம், சுண்டெலிக்குப் பித்தப்பை உண்டு, எலிக்குக் கிடையாது. சுண்டெலியின் கல்லீரலை வெட்டும்போது பித்தப்பையைக் கவனமாக எடுத்துவிட்டு, துண்டை உடனே திரவ நைட்ரஜனில் போடுங்கள். தாமதித்தால், வெளிப்பாட்டை அளக்க நாம் எண்ணும் மூலக்கூறான ஆர்என்ஏ சிதையத் தொடங்கிவிடும்.

செம்பனைத் தோட்டத்து எலியையும் சேர்க்கும் எண்ணம் இருந்தால் ஒன்று: அது வேறு இனம் என்பதால், கருவி வாசித்த வரிசைத் துண்டுகளை ஆய்வக எலியின் மரபணுத் தொகுப்போடு பொருத்தும்போது சில ஒட்டாமல் போகும். அதைக் குறைந்த வெளிப்பாடு என்று எழுதிவிடாதீர்கள்.