கசையிழை: எப்போது கட்டுவது, எப்போது நிறுத்துவது?

யீஷூன் இன்னோவா தொடக்கக் கல்லூரி மாணவி: லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்க உதவும் மரபணுத் தொகுதியான லாக் ஓபரானுக்கு இருப்பதுபோல, பாக்டீரியா நீந்த உதவும் கசையிழைக்கும் ஒரே ஒரு சுவிட்ச்தானா?

இல்லைம்மா. இங்கே 50-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் மூன்று படிகளாக வேலை செய்கின்றன. ஈ.கோலை, சால்மொனெல்லா இரண்டிலும் முதல் படியில் இருப்பது எஃப்எல்எச்டிசி என்ற தலைமைப் புரதம். அது இரண்டாம் படியை எழுப்புகிறது. செல்லின் சுவரில் பதியும் அடிப்பாகமும் வெளியே நீளும் கொக்கியும் உருவாகின்றன. கூடவே இரண்டு புரதங்கள் வருகின்றன. ஒன்று, மூன்றாம் படியைத் தொடங்க வேண்டிய சிக்மா 28. மற்றது, அதைக் கட்டிப்போட்டு வைக்கும் எஃப்எல்ஜிஎம்.

சரி, கட்டு எப்போது அவிழும்? நான் இன்றைக்கும் வியக்கிற இடம் இதுதான். சால்மொனெல்லாவில் கொக்கி சுமார் 55 நானோமீட்டர் வளர்ந்ததும், அடியிலுள்ள ஏற்றுமதி வாசல் கொக்கிப் புரதத்தை நிறுத்திவிட்டு அடுத்த சரக்குக்கு மாறுகிறது. எஃப்எல்ஜிஎம்மும் அந்தக் குழாய் வழியாகவே வெளியேறுகிறது. சிக்மா 28-க்கு விடுதலை! இழைக்கான ஃபிளஜெல்லின் மளமளவென்று தயாராகிறது. ஓர் இழைக்கு 20,000 வரை வேண்டும். அடித்தளம் முடியுமுன் அவ்வளவு புரதத்தை உண்டாக்கினால் வீண்தானே? கட்டி முடிந்த குழாயே மரபணுவுக்குச் சேதி சொல்லிவிடுகிறது. இதை மனப்பாடம் செய்யாதே, படமாக வரைந்து பாரம்மா.

ஜூரோங் வெஸ்ட் வாசகர்: சர்க்கரை நிறையக் கிடைத்தால் பாக்டீரியா நன்றாக நீந்துமா?

நேர்மாறு. குளுக்கோஸ் தாராளமாக இருந்தால் ஈ.கோலையில் சுழல் ஏஎம்பி என்ற சேதி மூலக்கூறு குறையும். எஃப்எல்எச்டிசி மரபணுவைத் தூண்டுவதில் அதற்கும் பங்கு உண்டு. அதனால் தலைமைப் புரதத்தின் மரபணுவும் மந்தமாகிவிடும்.

தேக்கா வாசகி: மகள் கர்ப்பமாக இருக்கிறாள். உணவு வழியாகத் தொற்றும் லிஸ்டீரியா பாக்டீரியா குளிர்பதனப் பெட்டியில் அடங்கிவிடாதா?

அடங்காது அம்மா. 4 டிகிரியிலும் மெல்ல வளரும். அது கசையிழை கட்டுவதே 30 டிகிரிக்குக் கீழேதான். 37 டிகிரியில் பெரும்பாலான வகைகள் நிறுத்திவிடும். மோக்ஆர் என்ற புரதம் கசையிழை மரபணுக்களை அடக்கும். குளிரில் ஜிமாஆர் என்ற இன்னொன்று மோக்ஆரைப் பிடித்து விலக்கும். உடல் சூட்டில் ஜிமாஆர் வடிவம் மாறிப் பிடியை விட்டுவிடும். நம் நோயெதிர்ப்புச் செல்கள் ஃபிளஜெல்லினை அடையாளம் காணக்கூடியவை. அதனால் உள்ளே வந்தபின் அதைத் தயாரிக்காமல் இருப்பது லிஸ்டீரியாவுக்கு லாபம். மிச்ச உணவை ஆவி பறக்கச் சூடாக்கிக் கொடுங்கள். காய்ச்சாத பாலில் செய்த சீஸ், சமைக்காத ஸ்மோக்ட் சால்மன் இரண்டும் பிரசவம் வரை வேண்டாம்.