ஸ்கேனில் டிஸ்க் பல்ஜ் என்று வந்தால் ஆபரேஷன்தான் வழியா?

கேள்வி: எனக்கு 46 வயது. கோத்தகிரி பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறேன். ஐந்து வாரமாக இடுப்பில் பிடித்த வலி இடது காலில் இறங்கி, முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாகப் போய், பெருவிரல் வரை மரத்துப்போகிறது. எம்.ஆர்.ஐ.யில் எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ், நரம்பை அழுத்துகிறது என்று வந்திருக்கிறது. ஆபரேஷன் செய்தால் கால் விளங்காமல் போய்விடும் என்கிறார்கள் சிலர். செய்யாவிட்டால்தான் போகும் என்கிறார்கள் வேறு சிலர். வேலைக்குப் போகலாமா? 68 வயதான என் மாமியாருக்கும் நடந்தால் கால் வலிக்கிறது. என் மாத்திரையையே அவருக்கும் கொடுக்கலாமா?

பதில்: ரிப்போர்ட்டைச் சற்று நேரம் ஓரமாக வையுங்கள். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருப்பது டிஸ்க்; அது புடைத்திருப்பதுதான் பல்ஜ். வலியே இல்லாத நாற்பது வயதுக்காரர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு டிஸ்க் பல்ஜ் தெரியும். அறுபது வயதில் மூன்றில் இரண்டு பேருக்குத் தெரியும். எனவே அந்த ஒரு வார்த்தையை வைத்து யாரும் ஆபரேஷனை முடிவு செய்ய முடியாது. வலி இறங்கும் பாதையும் ஸ்கேனும் ஒத்துப்போகின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும். உங்களுக்கு ஒத்துப்போகின்றன. எல்4-எல்5, அதாவது இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் பிதுங்கினால் பெரும்பாலும் அழுந்துவது எல்5 நரம்பு. அது காலின் வெளிப்பக்கமாக இறங்கி, பாதத்தின் மேற்புறம் வழியாகப் பெருவிரலுக்கு வரும். அதற்கும் கீழே உள்ள டிஸ்க் என்றால் கெண்டைக்காலின் பின்புறமும் சுண்டுவிரலும் மரத்திருக்கும்.

வலியைவிட முக்கியம் பலம். செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரோரமாகக் குதிகாலை மட்டும் ஊன்றிப் பத்து அடி நடந்து பாருங்கள். இடது பாதத்தின் முன்பகுதி தரையில் தட்டுகிறதா? பிறகு உட்கார்ந்து இரண்டு பெருவிரலையும் மேலே தூக்குங்கள். வேறொருவர் விரலால் கீழே அழுத்தட்டும். இடது விரல் மட்டும் உடனே மடங்கினால் நரம்பின் பலம் குறைகிறது என்று பொருள். இதை நாலு நாளைக்கு ஒருமுறை செய்து பாருங்கள். பலம் குறைந்துகொண்டே வந்தால், வலி குறைந்திருந்தாலும் முதுகுத்தண்டு நிபுணரைப் பார்க்கத் தள்ளிப்போட வேண்டாம். வலி குறைந்து பலமும் போவதை 'குணமாகிறது' என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய.

சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் போனாலோ, மலம் அடக்க முடியாவிட்டாலோ, தொடை இடுக்கும் ஆசனவாயைச் சுற்றிய இடமும் மரத்தாலோ, இரண்டு காலும் தளர்ந்தாலோ அது அவசரம். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கவே 33 கிலோமீட்டர், அதற்கப்பால் கோவை. 108-ஐ இரவிலேயே கூப்பிடுங்கள். அடிமுதுகில் கொத்தாக இறங்கும் நரம்புகள் மொத்தமாக நசுங்கும் நிலை இது. ஆபரேஷன் மணிக்கணக்கில் தாமதமானாலும் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமல் போகலாம். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, படுத்தாலும் விடாத இரவு வலி ஆகியவை இருந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பரிசோதிக்க வேண்டும். நம் நாட்டில் அதை மறக்கக் கூடாது.

இவை எதுவும் இல்லையென்றால் நேரம் உங்கள் பக்கம். காலில் இறங்கும் வலி பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்துக்குள் நன்றாகக் குறையும். பிதுங்கிய பகுதியை உடம்பே மெல்லக் கரைக்கும்; வினோதம் என்னவென்றால், லேசாகப் புடைத்ததைவிடக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த பெரிய துண்டுதான் அதிகம் கரைகிறது. படுத்தே கிடப்பது உதவாது. தாங்க முடியாத வலியென்றால் ஒன்றிரண்டு நாள் போதும். அதற்குமேல் படுத்தால் தசை தளர்ந்து வலி நீளும்.

காலையில் எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனியாதீர்கள். இரவெல்லாம் படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணீரை உறிஞ்சி உப்பியிருக்கும்; அந்த நேரத்தில் முன்னால் வளைந்தால் அதன் பின்புற வளையத்தில் இழுவை கூடும். எஸ்டேட் வீடுகளிலோ அந்த ஒரு மணி நேரத்தில்தான் வாசல் கூட்டுவது, குடம் தூக்குவது, விறகடுப்பை ஊதுவது எல்லாம். குளிரில் தசையும் இறுகியிருக்கும். வீட்டில் மற்றவர்கள் அந்த வேலைகளை ஏற்க வேண்டும். முடியாவிட்டால் அடுப்பு முன்னால் முக்காலி போட்டு உட்காருங்கள், நீள விளக்குமாறு வாங்குங்கள்.

பயிற்சி ஒன்று. பாயில் குப்புறப் படுத்து இரண்டு நிமிடம் இருங்கள். பிறகு முழங்கை ஊன்றி மார்பைத் தூக்கி இரண்டு நிமிடம். அது பொறுத்தால், இடுப்பு தரையை விட்டு எழாமல், உள்ளங்கை ஊன்றி உடம்பை மேலே தள்ளி இறக்குங்கள்: பத்து முறை, நாளைக்கு மூன்று நான்கு தடவை. எப்படிக் கணிப்பது? விரலில் இருந்த வலி முழங்காலுக்கோ இடுப்புக்கோ ஏறி வந்தால், இடுப்பில் வலி கொஞ்சம் கூடினாலும் அது நல்ல குறி. கீழே மேலும் இறங்கினால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். சுளுக்கு எடுப்பவரிடம் தைலம் தடவிக்கொள்வதில் தப்பில்லை. மரத்த காலோடு இடுப்பைத் திருகி நெட்டி முறிக்க விடாதீர்கள்.

வேலையைப் பொறுத்தவரை, கொழுந்து பறிப்பதைவிடப் பையைத் தூக்குவதுதான் கெடுதல். அமெரிக்காவில் வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் நியோஷ் நிறுவனம் சொல்லும் வரம்பு, எல்லாம் சாதகமாக இருந்தாலும், 23 கிலோ: சமதரை, இடுப்பு உயரம், உடம்போடு ஒட்டிய சுமை. ஈரச் சரிவில் இந்த மூன்றும் இல்லை. வலி காலில் இருக்கும்வரை பத்து கிலோவுக்கு மேல் வேண்டாம். பையை அரைவாசியிலேயே கொட்டிவிடுங்கள். தலைக்கு ஏற்றும்போது தரையிலிருந்து நேராகத் தூக்காமல், மேல் வரப்பில் வைத்து, இன்னொருவர் கை கொடுக்க ஏற்றுங்கள். குனிந்து, திருகி, உதறித் தூக்குகிற அந்த ஒரு கணத்தில் டிஸ்க்கின் மேல் அழுத்தம் அதிகம். கவாத்து வேலையை மூன்று மாதம் வேறு ஆளுக்கு மாற்றித் தரும்படி மேஸ்திரியிடம் கேளுங்கள், டாக்டர் சீட்டோடு. நாள் முழுக்கக் குனிந்து வெட்டும் வேலை அது.

வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு, குறைந்த நாளுக்கு மட்டும் போடுங்கள். அல்சர், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். 'நரம்பு மாத்திரை' என்று தரப்படும் பிரகாபலின் இந்தக் கால்வலியில் பெரிதாக உதவவில்லை என்று ஆய்வில் தெரிந்திருக்கிறது. அதோடு தலை சுற்றும். சரிவில் நிற்பவருக்கு அது கூடுதல் ஆபத்து. ஏற்கெனவே சாப்பிட்டு வந்தால் நீங்களாக ஒரேயடியாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேட்டுக் குறையுங்கள்.

ஆபரேஷன் எப்போது? பலம் குறைந்தால், அல்லது ஒழுங்காக மருத்துவம் பார்த்தும் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் தாண்டிக் கால்வலி தாங்க முடியாமல் இருந்தால். நெதர்லாந்தில் 2007-ல் வெளிவந்த ஆய்வில், சீக்கிரம் ஆபரேஷன் செய்தவர்களுக்குக் கால்வலி வேகமாகக் குறைந்தது. ஆனால் ஓராண்டு முடிவில் பொறுத்திருந்தவர்களும் அதே நிலைக்கு வந்துவிட்டார்கள். ஆக, வலியோடு இருக்கும் நாட்களைக் குறைக்கும் வழிதான் ஆபரேஷன். கால் விளங்காமல் போவது அரிது. ஆனால் வெறும் இடுப்புவலிக்காகச் செய்துகொண்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

மாமியாருக்கு உங்கள் மாத்திரை வேண்டாம். அவருக்கு எங்கே வலிக்கிறது என்று பாருங்கள்: ஏற்றத்திலா, இறக்கத்திலா? இறங்கும்போது முதுகு பின்னால் நிமிரும். முதுமையில் தண்டுவடக் குழாய் குறுகியவர்களுக்கு அப்போது கால் கனத்து மரக்கும். உட்கார்ந்தாலோ தடியூன்றிக் குனிந்தாலோ விடும். ஏற்றத்தில் கெண்டைக்கால் பிடித்து, சும்மா நின்றாலே விட்டுவிட்டால், காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். சர்க்கரை, பீடி, வெற்றிலையோடு புகையிலை என எது இருந்தாலும் சொல்லி, பாதத்தில் நாடி பார்க்கச் சொல்லுங்கள்.