முதல் ரைபிள் வாங்கும் முன்: வாசகர் கேள்வி-பதில்

என் மகளுக்கு 12 வயது. துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் சுடுவதை டிவியில் பார்த்ததிலிருந்து ரைபிள் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். எது நல்ல ரைபிள்? – ஒரு தாய், அம்மாப்பேட்டை

கடலூரில் பிறந்த பெண்ணைப் பார்த்து சேலத்தில் ஒரு பெண் கிளம்புகிறாள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். இளவேனில் சுடுவது 10 மீட்டர் ஏர் ரைபிள், அதாவது பத்து மீட்டர் தூரத்து இலக்கைக் காற்றழுத்தத்தால் சுடுவது. உங்கள் மகளும் அதிலேயே தொடங்கலாம். ஆனால் அம்மா, இப்போது எதையும் வாங்காதீர்கள். மூன்று மாதம் ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் கூடத்தில்) இருக்கும் ரைபிளில் சுடட்டும்.

காரணம் காசு மட்டும் இல்லை. போன வருடம் ஒரு சிறுமி புத்தம்புது வெளிநாட்டு ரைபிளோடு வந்தாள். எடை ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதைத் தூக்கியதும் இடுப்பைப் பின்னால் வளைத்து, கழுத்தை முன்னால் நீட்டி, தோளிலும் கன்னத்திலும் பதிய வேண்டிய பின்பக்கக் கட்டையைத் தேடினாள். பத்தாவது குண்டிலேயே இடது கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. கட்டையை முழுதாக உள்ளே தள்ளிய பிறகும் அது அவள் தோளுக்கு நீளம்தான். ரைபிளில் ஒரு குறையும் இல்லை. அது அவளுக்கான அளவு இல்லை, அவ்வளவுதான். உலகப் போட்டி விதி 5.5 கிலோ வரை அனுமதிக்கிறது என்றாலும் வளரும் பிள்ளைக்கு அதில் பாதியைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தாலே போதும்.

வாங்கும் நாளில் ஒரு சோதனை செய்யுங்கள். நின்றபடி கண்ணை மூடி, ரைபிளைத் தூக்கி, கன்னத்தைக் கட்டையில் வைத்து, பிறகு மெதுவாகக் கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். கண்ணெதிரே பின் சைட்டின் ஓட்டையும், அதன் நடுவே முன் வளையமும் தானாகத் தெரிய வேண்டும். தலையைத் தூக்கியோ கழுத்தைச் சாய்த்தோ தேடினால் கன்னக்கட்டையின் உயரத்தை மாற்றிப் பாருங்கள். எவ்வளவு மாற்றியும் வரவில்லையா, அந்த ரைபிள் வேண்டாம். கட்டையின் நீளம், கன்னக்கட்டை, தோள்பட்டைத் தகடு மூன்றும் நகரும்படி இருப்பதையே வாங்குங்கள். பிள்ளை வளர வளர அதுவும் கூடவே வளரும். மிச்சமாகும் பணத்தில் முதலில் சுடுவதற்கென்றே அளவெடுத்துத் தைத்த கெட்டியான மேல்சட்டை (ஷூட்டிங் ஜாக்கெட்) வாங்குங்கள். நின்று சுடுபவருக்கு முதுகைத் தாங்குவது அதுதான்.

ஸ்கோப் வைத்த ஸ்பிரிங் ஏர் ரைபிள் கடையில் மலிவாகக் கிடைக்கிறது. அதில் பழகிவிட்டுப் போட்டிக்குப் போகலாமா? – கல்லூரி மாணவர், ஓமலூர்

வேண்டாம் தம்பி. 10 மீட்டர் போட்டியில் ஸ்கோப்புக்கு இடமில்லை, சின்ன ஓட்டை வழியாகக் குறி பார்க்கும் பீப் சைட் மட்டும்தான். அப்புறம் ஸ்பிரிங் ரைபிளில் விசையை இழுத்ததும் உள்ளே கனமான பிஸ்டன் ஓடி முட்டுகிறது. குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே ரைபிள் குலுங்கிவிடும். போட்டி அட்டையில் பத்து மதிப்பெண்ணுக்கான நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர்தான். குண்டு விலகியது உன் தவறாலா ரைபிளின் குலுக்கலாலா என்று தெரியாமலே ஒரு வருடம் போய்விடும். காற்றுச் சிலிண்டர் வைத்த ரைபிளில் தவறு யாருடையது என்பது அன்றைக்கே தெரியும். நம் நாட்டிலேயே தயாராகும் சிலிண்டர் ரைபிள்கள் இப்போது தொடக்கநிலைக்கு நன்றாகவே இருக்கின்றன. வால்தர், ஃபைன்வெர்க்பாவ் போன்ற ஜெர்மன் ரைபிள்களின் விலை லட்சங்களில் இருக்கும். முதல் ரைபிளுக்கு அது தேவையே இல்லை.

ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டுமா? – சூரமங்கலம் வாசகர்

4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்குள் அடங்கும் ஆற்றலும் உள்ளதற்கு வேண்டாம். போட்டி ஏர் ரைபிள்கள் இதற்குள் அடங்கும். அடையாளச் சான்றும் ரசீதும் பத்திரமாக இருக்கட்டும். புள்ளி 22 (0.22 அங்குலக் குழல்) ரைபிளுக்குக் கட்டாயம் உரிமம் வேண்டும். அந்தப் பேச்சை இரண்டு வருடம் கழித்து எடுக்கலாம்.

பழைய ஜெர்மன் ரைபிள் பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா? – அஸ்தம்பட்டி வாசகர்

வாங்கலாம். ஆனால் ரைபிளைப் பார்க்கும் முன் சிலிண்டரைப் பாருங்கள். அதன் உடம்பில் பொடி எழுத்தில் தயாரித்த மாதமும் வருடமும் அடித்திருக்கும். பல தயாரிப்புகளில் அதிலிருந்து பத்து வருடம்தான் ஆயுள். உள்ளே 200 பார் அழுத்தம் நிற்கிறது. அதாவது நம் கார் டயரில் இருப்பதைப் போலக் கிட்டத்தட்ட நூறு மடங்கு. காலாவதியான சிலிண்டரில் காற்று நிரப்பவே கூடாது. நான் ஒருமுறை வெளியூர் இடைத்தரகர் ஒருவரை நம்பி, போட்டோ பார்த்தே பணம் அனுப்பிவிட்டேன். பெட்டியைத் திறந்தால் சிலிண்டர் காலாவதியாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. புதுச் சிலிண்டர் வந்து சேர ஐந்து மாதம். அதுவரை அந்த ரைபிள் சுவரோரம் நின்றது. அந்த வருடம் என் மாணவன் ஒருவன் மாநிலப் போட்டியில் இரவல் ரைபிளில் சுட்டான். இன்றைக்கு நினைத்தாலும் மனசு வலிக்கிறது.

ஏற்காட்டில் எங்களுக்குக் காப்பித் தோட்டம் இருக்கிறது. பழகவும் ஆச்சு, தோட்டத்துக்கு வரும் விலங்குகளை விரட்டவும் ஆச்சு என்று ஒரு ரைபிள் வாங்கலாமா? – தோட்டக்காரர்

ஐயா, இந்த இரண்டாவது நோக்கத்தோடு தயவுசெய்து வாங்காதீர்கள். சேர்வராயன் மலையின் காட்டெருமை 1972ஆம் வருட வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதை ஏர் ரைபிளால் அடிப்பதும் குற்றம்தான். குண்டு தோலில் தைத்து, சீழ் பிடித்து, விலங்கு நாள்கணக்கில் வதைபடும். வலியில் அது தோட்டத்தில் வேலை பார்ப்பவர்கள் மேல் பாயவும் கூடும். பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம் மனு கொடுங்கள்.

பழகுவதற்கு மட்டும் என்றால் தாராளமாக வாங்குங்கள். மலையில் பனி மூட்டம் அதிகம் என்பதால் உறையிலேயே பூட்டி வைக்காதீர்கள். உறையின் நுரை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், ஒரே மழைக்காலத்தில் குழலின் வெளிப்பக்கம் துரு பிடித்துவிடும். சுட்ட பிறகு எண்ணெய்த் துணியால் துடைத்து, பூட்டுள்ள அலமாரியில் நிறுத்தி வையுங்கள்.

மாமா சிலிண்டர் ரைபிள் வாங்கிக் கொடுத்துவிட்டார். ஆனால் வாரம் ஒரு நாள்தான் சேலம் வர முடிகிறது. வீட்டில் எப்படிப் பழகுவது? – பத்தாம் வகுப்பு மாணவர், ஆத்தூர்

குண்டில்லாமல் பழகு. உன் ரைபிளில் குண்டும் காற்றும் இல்லாமல் விசையை மட்டும் இழுக்கும் வசதி இருக்கிறதா என்று கையேட்டில் பார். இருந்தால் தினம் இருபது நிமிடம் போதும். (ஸ்பிரிங் ரைபிளில் இதைச் செய்யவே கூடாது, வெறுமனே முட்டி முட்டி உள்ளே உடைந்துவிடும்.) முதலில் குழலில் குண்டு இல்லை என்று இரண்டு தடவை பார். வீட்டில் யாரும் நீ குறி வைக்கும் பக்கம் வராதபடி சொல்லிவை. ஐந்து மீட்டர் தூரத்தில் வெள்ளைத் தாளில் 15 மி.மீ. கறுப்பு வட்டம் வரைந்து, தரையிலிருந்து ஏறக்குறைய 1.40 மீட்டர் உயரத்தில் ஒட்டு. போட்டியில் பத்து மீட்டரில் தெரிவதும் அதே அளவில்தான். விசை இழுபட்ட கணத்தில் முன் வளையம் வட்டத்தின் எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதை மட்டும் ஒரு நோட்டில் குறித்துவை. ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சுக்கு வரும்போது அந்த நோட்டையும் எடுத்து வா. ரைபிளை எங்கே சரி செய்ய வேண்டும் என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.