ட்ரிபிள் ஜே அன்எர்த்ட் என்றால் என்ன?

ஆஸ்திரேலியப் பொது ஒலிபரப்பான ஏபிசியின் இளைஞர் வானொலி ட்ரிபிள் ஜே. இசை நிறுவன ஒப்பந்தம் இல்லாத புதுக் கலைஞர்களைத் தேட அது 1995இல் தொடங்கியதே அன்எர்த்ட். இன்று ஆஸ்திரேலியக் கலைஞர்கள் இணையத்தில் இலவசமாகப் பாட்டை ஏற்றலாம்.

தேவை ஏன்? நாடு பெரிது, மக்கள் குறைவு. தனியார் வானொலிகள் பழகிய பெயர்களையே சுற்றிவரும். லிஸ்மோர் போன்ற சிற்றூர்க் குழுவை யார் கேட்பார்கள்? அங்கிருந்து வந்த ராக் இசைக்குழு கிரின்ஸ்பூன்தான் முதல் வெற்றியாளர்களில் ஒன்று. 2001இல் வென்ற பாடகி மிஸ்ஸி ஹிக்கின்ஸ் அப்போது பள்ளி மாணவி. பாட்டை அனுப்பியதோ அவர் அக்கா!

வாரச் சந்தை மாதிரிதான்: யாரும் கடை விரிக்கலாம், வாங்குவது வருபவர் விருப்பம். ரசிகர்கள் மதிப்பெண் போடுவார்கள். போட்டிகளில் வென்றால் பெரிய இசை விழா மேடையும் கிடைக்கும்.

பலர் நினைப்பதுபோல் இது இசை வெளியீட்டு நிறுவனமல்ல. பாட்டை ஏற்றினாலே வானொலியில் வந்துவிடாது.